முகத்துக்குப் பின்னால் என்ன வரைவது? உருவப்படப் பின்னணியில் குறியீடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஆர்டருக்கு உருவப்படம் வரைகிறவர்களும் வரையப் பழகுகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. அளவு சொல்லும் இடங்களில் 24×30 அங்குல கேன்வாஸ், நெஞ்சு வரைக்குமான உருவம், உச்சியிலிருந்து முகவாய் வரை 7½ அங்குலத் தலை என்று வைத்துக்கொள்ளவும்.

குறியீடு எது, அலங்காரம் எது?

அந்தப் பொருளை விரலால் மறைத்துப் பாருங்கள். மறைத்ததும் படத்தில் இருப்பவரைப் பற்றிய ஒரு செய்தி குறைந்தால் அது குறியீடு. இடம் மட்டும் காலியானால் அலங்காரம். பழைய போட்டோ ஸ்டுடியோக்களில் திரைச்சீலையும் தூணும் படிக்கட்டும் பல காலம் பின்னால் நின்றன. அவை யாரைப் பற்றியும் எதையும் சொன்னதில்லை.

2018-ல் கெஹிண்டே வைலி வரைந்த பராக் ஒபாமாவின் படத்தில் பின்னணி வெறும் இலைச்சுவர்தான். அதில் மூன்று வகைப் பூக்கள் இருக்கின்றன: சிகாகோவுக்குச் சாமந்தி, பிறந்த ஹவாய்க்கு மல்லிகை, தந்தையின் கென்யாவுக்கு ஆப்பிரிக்க நீல அல்லி. எந்தப் பூ எந்த ஊருக்கு என்று தெரியாதவருக்கும் அந்தப் படம் குறைவில்லாமல் நிற்கிறது. கவனிக்க வேண்டியது அதைத்தான். ஹான்ஸ் ஹோல்பைன் 1533-ல் வரைந்த இரு தூதர்களின் படத்தில் அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு லூட் வாத்தியம் கிடக்கிறது. அதில் ஒரே ஒரு நரம்பு அறுந்திருக்கிறது. சுருதி கலைந்த காலம் என்பதைச் சொல்ல அவருக்கு அந்த மெல்லிய கோடு போதுமாக இருந்தது.

ஒரு படத்தில் எத்தனை வைக்கலாம்?

ஒன்று. இரண்டாவது வேண்டுமானால், தேடிப் பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டும் படும்படி வையுங்கள். மூன்றாவது வந்ததும் கல்யாண ஃபிளெக்ஸ் ஆகிவிடும்.

வரையப்படுபவரிடம் என்ன கேட்பது?

"உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்காதீர்கள். ரோஜா, மயில், அருவி என்றுதான் பதில் வரும். உதவுகிற கேள்விகள் வேறு: காலையில் எழுந்ததும் கை முதலில் எதைத் தொடும்? உபயோகமில்லாமல் போயும் எதைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கிறீர்கள்? எந்த இடத்தை விட்டு வந்தபோது மனசு கேட்கவில்லை? மூன்றாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் சரியான பதில் கிடைக்கும். அணைக்குள் போன நிலம், விற்றுவிட்ட மாந்தோப்பு, பெங்களூருக்குப் போகுமுன் பூட்டிய வீடு என்று வரும்.

டாக்டருக்கு ஸ்டெதஸ்கோப், வக்கீலுக்குத் தராசு, ஆசிரியருக்குப் புத்தகம் எல்லாம் தொழிற்பலகை. அதை வாசற்பலகையிலேயே எழுதிவிடலாம், படம் எதற்கு?

இந்த வட்டாரத்துக்குப் பொருந்துகிறவை எவை? எப்படி வரைவது?

எல்லாரும் முதலில் கேட்பது நெல்லி. தகடூர் (இன்றைய தருமபுரி) அதியமான் ஔவைக்கு ஈந்த கனி என்பதால் கொடைக்கும், தனக்கென வைத்துக்கொள்ளாத குணத்துக்கும் இதைவிடப் பொருத்தமான அடையாளம் இந்த மண்ணில் இல்லை. ஆனால் பலர் எலுமிச்சையை வரைந்துவிட்டு நெல்லி என்கிறார்கள். நெல்லிக்காய்க்கு நீளக் காம்பு கிடையாது, கிளையோடு ஒட்டியிருக்கும். மேலிருந்து கீழாக ஆறு மங்கலான வரிகள் ஓடும். நிறம் வெளிர் மஞ்சள் பச்சை, உள்ளே வெளிச்சம் புகுந்தது போல் இருக்கும். இலை மிகச் சிறியது, புளிய இலை போல வரிசையாக இருக்கும். புறநானூற்றின் 91-ஆம் பாட்டே அதைச் 'சிறியிலை நெல்லி' என்றுதான் சொல்கிறது. அந்த இலைகளை ஒவ்வொன்றாக எண்ணி வரைந்தால் பின்னணி முழுக்கப் புள்ளியாகி முகத்தோடு சண்டை போடும். கிளையின் நுனியில் பத்துப் பன்னிரண்டு இலையைத் தெளிவாகக் காட்டி, மற்றதை அகலத் தூரிகையால் ஒரே வீச்சில் இழுத்துவிடுங்கள். காய் இரண்டு மூன்று போதும்.

மாந்தோப்புக்காரருக்கு மாம்பழம் வைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மஞ்சளாக, தனியாக, பக்கவாட்டில் ஒரு மாம்பழம் வந்தால் இந்தப் பக்கத்து மக்கள் அதைத் தேர்தல் சின்னமாகத்தான் படிப்பார்கள். கிருஷ்ணகிரியின் கூழ் ஆலைகளுக்குப் போகும் பெங்களூரா ரகத்தைப் பச்சையாகவே, கிளையோடு, தொங்கும் நிலையில் வரையுங்கள். நீண்ட உடலும் கிளிமூக்கு மாதிரி வளைந்த நுனியும் இருந்தால் ரகம் தெரிந்துவிடும், தோப்புக்காரருக்கும் பெருமை.

பட்டுக்கூடு வளர்ப்பவருக்குச் சந்திரிகை இருக்கிறது. புழு கூடு கட்ட ஏற்றும் மூங்கில் தட்டி அது, ஏறக்குறைய ஆறடிக்கு நாலடி, அதில் மூங்கில் நாடா சுருள்சுருளாகச் சுற்றியிருக்கும். பின்னணி முழுவதையும் அதுவே நிறைக்கும் என்பதால் தனியாக எதுவும் தேவைப்படாது. ஆனால் சுருளின் நடுப்புள்ளி கண்ணை உள்ளே இழுக்கும் சுழல். அந்தப் புள்ளியைத் தலைக்குப் பின்னால் மறைத்துவிடுங்கள், அல்லது கேன்வாஸுக்கு வெளியே தள்ளுங்கள். கூடுகளை வெள்ளை வெளேரென்று வைக்காமல் சாம்பல் கலந்து வையுங்கள்.

ஒகேனக்கல் கேட்பவர்கள் அருவியைக் கேட்பார்கள். வெள்ளை நீர்ப்பட்டை படத்திலேயே அதிக வெளிச்சமான இடமாகி முகத்தை அடித்துவிடும். ஒகேனக்கல் என்றாலே கன்னடத்தில் புகையும் கல். அந்தப் புகைமூட்டத்தையும் கரும்பாறையையும் வரைந்தால் போதும், அருவி தானாகத் தெரியும். பரிசல் ஓட்டிய குடும்பமென்றால் பரிசலைத் தூரத்தில், தட்டை நீள்வட்டமாக, நீர்மட்டத்தோடு வையுங்கள். மேலிருந்து பார்த்த முழு வட்டமாக வேண்டாம். காரணம் பின்னால் வருகிறது.

ராகிக் கதிர், சாமை, திருகைக்கல், புளியமரச் சாலை, கிருஷ்ணகிரியின் சையத் பாஷா மலைக்கோடு, கிரானைட் பாறையில் துளை போட்ட வரிகள் எல்லாம் நல்ல பின்னணிகளே. ராகிக் கதிரைச் சற்றே மூடிய விரல்கள் போல வரைய வேண்டும். விரித்து வரைந்தால் புல்லாகிவிடும். கிரானைட் துளைவரிகள் செங்குத்தாக இணைகோடுகளாக ஓடும். அதில் ஒன்று சரியாக உச்சந்தலையில் இறங்கினால் ஆளைக் கயிற்றில் தொங்கவிட்டது போலாகும், அரை அங்குலமாவது நகர்த்துங்கள்.

நடுகல்லைப் பின்னணியில் வைக்கலாமா?

உயிரோடு இருப்பவருக்கு வேண்டாம். நடுகல் என்பது கவர்ந்து போன மாட்டு மந்தையை மீட்டோ புலியைக் குத்தியோ மாண்ட வீரனுக்கு எடுத்த கல். ஓய்வுபெற்ற ராணுவ வீரருக்குப் பெருமை என்று நினைத்து வைத்தால், விவரம் தெரிந்த பெரியவர் ஒருவர் போதும், படம் சுவரிலிருந்து இறங்கிவிடும். பணியில் இறந்த வீரரின் நினைவுப் படத்துக்கு அது மிகப் பொருத்தம்.

வரையும்போது கல்லின் வகை கலக்கக் கூடாது. வில், வாள், உடம்பில் தைத்த அம்பு, காலருகே கெண்டி இருப்பவை வீரன் கற்கள். வளையலணிந்த கை மட்டும் நிமிர்ந்து நின்றால் அது சதிக்கல், உடன்கட்டை ஏறிய பெண்ணுக்கு எடுத்தது, செய்தியே வேறு. தருமபுரி அகழ்வைப்பகத்திலும் கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நேரில் பார்த்து ஸ்கெட்ச் எடுங்கள். இணையப் படத்தில் வெளிச்சம் நேராக விழுந்து புடைப்பு தெரியாது. பல ஊர்களில் இந்தக் கற்களை வேடியப்பன் என்று பொங்கல் வைத்துக் கும்பிடுகிறார்கள். ஆகவே இடுப்புக்குக் கீழே, கேன்வாஸின் அடியோரத்தில் வைக்காதீர்கள்.

எதையெல்லாம் தவிர்ப்பது?

உயிரோடு இருப்பவர் படத்தில் பக்கத்தில் எரியும் தனி விளக்கும், சட்டத்தைச் சுற்றியது போன்ற மாலையும் கூடாது. வெளிர்நீல வானமும் மேகமும் மட்டுமே பின்னணியாக இருந்தாலும் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் நினைவுதான் வரும். மணிவிழாப் படத்துக்கு இந்த மூன்றில் ஒன்று வந்தால்கூட வீட்டுப் பெண்கள் முகம் சுளிப்பார்கள், அது நியாயமும்தான். மணமாலை கழுத்தில் இருக்கலாம், பின்னணியில் தொங்கக் கூடாது.

இரண்டு மலைக்கு நடுவே எழும் சூரியன், ஒற்றைக் காம்பில் இரட்டை இலை, தனித் தாமரை, விரித்த கை ஆகியவற்றுக்கும் மாம்பழத்துக்குச் சொன்னதே பொருந்தும். இலை என்றால் மூன்றோ ஐந்தோ வையுங்கள். சூரியனைக் காட்டாமல் அதன் வெளிச்சத்தை மட்டும் மலைமுகட்டில் காட்டுங்கள். துணி, திரை, கதவில் அடுத்தடுத்து வரும் நிறப்பட்டைகளையும் ஒருமுறை பாருங்கள். கட்சிக் கரையாகவோ சங்கக் கொடியாகவோ படிக்கப்படுமா என்று உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

பரிசல், முறம், வண்டிச்சக்கரம் போன்ற வட்டம் எதுவும் தலைக்கு நேர் பின்னால் வந்தால் அது ஒளிவட்டம். ஆள் சாமியாகிவிடுவார். முன்னே முழு வட்டப் பரிசல் வேண்டாம் என்றது இதனால்தான்.

கேன்வாஸில் எந்த இடம்?

முகம் திரும்பியிருக்கும் பக்கம் காலியிடம் கூடுதலாக விட்டிருப்பீர்கள். அங்கே வைத்தால் அவர் அதை நோக்கிப் போகிறார், அதை நினைக்கிறார் என்று படிக்கப்படும். முதுகுப் பக்கம் வைத்தால் அவர் வந்த வழி, விட்டு வந்தது. விற்ற தோப்பு முதுகுப் பக்கமும் படிக்க வைத்த பேத்தியின் பள்ளிக்கூடம் முன்பக்கமும் இருந்தால், அர்த்தம் சொல்லாமலே போய்ச் சேரும்.

உயரம், தோளுக்கும் காதுக்கும் நடுவே. பொருளாக இருந்தால் தலையின் பாதி அளவைத் தாண்டாமல், 3 முதல் 3½ அங்குலம். உருவத்தின் வெளிக்கோட்டிலிருந்து குறைந்தது ஒன்றரை அங்குலம் தள்ளி இருக்கட்டும். இல்லாவிட்டால் மூன்றில் ஒரு பங்காவது தோளுக்குப் பின்னால் துணிந்து மறையட்டும். தொட்டும் தொடாமலும் நிற்பதுதான் கெடுதல்: கிளை காதில் முளைக்கும், பரிசல் தோளில் உட்காரும். மலைக்கோடு, அடிவானம் எதுவும் கழுத்தையோ கண்ணையோ அறுக்கக் கூடாது. தோள் மட்டத்துக்கு இறக்கினால் ஆள் கம்பீரமாகத் தெரிவார்.

குறியீடு முகத்தை மீறுகிறது. எப்படி அடக்குவது?

பெரும்பாலும் நிறத்தில் அல்ல, டோனில்தான், அதாவது வெளிச்சம் இருட்டின் அளவில்தான் தவறு இருக்கும். கறுப்பு 1, வெள்ளை 10 என்று வைத்துக்கொண்டால் மாநிறத் தோலின் வெளிச்சப் பக்கம் 6, நிழல் 3, நெற்றி மினுக்கு 8 வரும். கருத்த மேனிக்கு வெளிச்சம் 4 அல்லது 5, நிழல் 2, மினுக்கு 7. ஐரோப்பியப் பாடங்களைப் பார்த்துப் பின்னணியைப் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பு போட்டு 2-க்கு இறக்கினால் 1-ல் இருக்கும் நம் தலைமுடி அதில் கரைந்துவிடும். தோல் நிழலுக்கும் அதே அம்பரைத்தான் போட்டிருப்பீர்கள், ஆகவே காதும் தாடையும் சேர்ந்து காணாமல் போகும். வெளுத்த தோலுக்கு எழுதிய பாடத்தை அப்படியே நம் முகத்துக்குப் போடுவதால் வரும் வினை இது.

பின்னணியை நடு டோனில் வையுங்கள். முகத்தின் வெளிச்சப் பக்கத்துக்கு அடுத்து 3½, நிழல் பக்கத்துக்கு அடுத்து 4½. அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் சம அளவு, மஞ்சள் ஆக்கர் அதில் பாதி, டோன் ஏறும் வரை டைட்டானியம் வெள்ளை. கிடைப்பது பச்சை ஓடிய சாம்பல், அதன் பக்கத்தில் பழுப்புத் தோல் சூடாக எழும்பும். ஒரு பெரிய எலுமிச்சை அளவு கலந்து, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி மூடி வையுங்கள். எண்ணெய் வண்ணம் சில நாள் தாங்கும்.

இனிமேல்தான் முக்கியமானது. குறியீட்டுக்கு எடுக்கும் எந்த நிறத்திலும் மூன்றில் ஒரு பங்கு இந்தப் பின்னணிக் கலவையைச் சேர்த்தே போடுங்கள். நெல்லிப் பச்சையோ சந்திரிகையின் மூங்கில் நிறமோ எதுவானாலும் சரி. குறியீட்டுக்குள் அதிக வெளிச்சத்துக்கும் அதிக இருட்டுக்கும் உள்ள இடைவெளி ஒன்றரைப் படிக்குள் இருக்கட்டும், முகத்துக்குள் நாலைந்து படி இருக்கும். ஆறாம் எண்ணுக்குக் குறைந்த தூரிகையை அங்கே தொடவே வேண்டாம். சின்னத் தூரிகை கையில் இருந்தால் நரம்பு வரையாமல் கை நிற்காது.

சோதிக்க, போனில் கறுப்பு வெள்ளையில் படமெடுத்துத் தபால்தலை அளவுக்குச் சுருக்குங்கள். கண்ணுக்கு முன் குறியீடு தெரிந்தால் இன்னும் அடக்க வேண்டும்.

எண்ணெய் வண்ணத்தில் வேலை வரிசை என்ன?

முதலில் 2×2½ அங்குலத்தில் ஆறு சின்ன ஸ்கெட்ச், மூன்றே டோனில். பிடித்த ஒன்றை எடுத்ததும் குறியீட்டை நிஜ அளவில் காகிதத்தில் வரைந்து வெட்டி, கேன்வாஸில் மாஸ்கிங் டேப்பால் ஒட்டி ஒரு நாள் அப்படியே விடுங்கள். வழியில் போகிறவரெல்லாம் அதைப் பார்ப்பார்கள், நீங்களும் பார்ப்பீர்கள். இடம் தவறென்றால் அன்றைக்கே தெரிந்துவிடும், செலவு ஒரு துண்டு டேப்.

அடிப்பூச்சுக்கு ரா அம்பர், டர்பன்டைன் மட்டும். அம்பர் சீக்கிரம் காயும், அடுத்த நாளே தொடரலாம். இரண்டாம் சுற்றில் முகத்தையும் பின்னணியையும் ஒரே நாளில் போடுங்கள். முகத்தை முடித்துவிட்டுப் பின்னணியைப் பிறகு நிரப்புவது வழக்கமாக நடக்கும் தவறு, அப்போது வெளிக்கோடு கத்தரித்தது போல நிற்கும். ஈரமாக இருக்கும்போதே தோள், முடி, குறியீட்டின் தூரப்பக்க விளிம்புகளைக் காய்ந்த தூரிகையால் ஒருமுறை வருடிவிடுங்கள். மூன்றாம் சுற்று ஒரு வாரம் கழித்து, லின்சீட் ஆயில் சற்றுக் கூடுதலாக. மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும். தலைகீழாகச் செய்தால் மேல்பூச்சு முதலில் காய்ந்து வெடிக்கும். கடைசியில் குறியீடு இன்னும் துருத்தினால் ரா அம்பரை எண்ணெயில் நன்றாக நீர்க்க வைத்து, அதன் மேல் மெல்லியதாகப் பூசி, துணியால் பாதியைத் துடைத்தெடுங்கள். ஒரே பூச்சில் அது இரண்டடி பின்னால் போய்விடும்.

அக்ரிலிக்கில் இதையெல்லாம் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் விளிம்பை மென்மையாக்க நேரம் கிடைக்காது. சித்திரை வெயிலில் தருமபுரியில் பேலட்டிலேயே காய்ந்துவிடும். காலை ஒன்பதுக்குள் வேலை செய்யுங்கள், தண்ணீர் ஸ்ப்ரே பக்கத்தில் இருக்கட்டும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரெட்டார்டரை டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் விட்டால் பிசுபிசுப்பு போகாது. இன்னொன்று, அக்ரிலிக் காய்ந்ததும் டோன் கொஞ்சம் இறங்கும். பின்னணிக் கலவையை ஓர் அட்டையில் பூசிக் காயவைத்து, மறுநாள் கலப்பதை அதோடு ஒப்பிடுங்கள். அக்ரிலிக் மேல் எண்ணெய் வண்ணம் போடலாம். எண்ணெய் மேல் அக்ரிலிக் உரிந்து வரும்.

குறியீடு ஒட்டவைத்தது மாதிரி இருக்கிறது, ஏன்?

மூன்று காரணம் உண்டு. சுற்றிலும் ஒரே கூர்மையான விளிம்பு, முகத்துக்கு இடப்பக்க வெளிச்சமும் குறியீட்டுக்கு வலப்பக்க வெளிச்சமும், பின்னணிக் கலவை சேர்க்காத சுத்த நிறம். இரண்டாவதுதான் அதிகம். முகம் ஒரு போட்டோவிலிருந்தும் நெல்லி இன்னொன்றிலிருந்தும் வந்திருக்கும். நெல்லிக் கிளையை உடைத்து வந்து, முகத்துக்கு விழுந்த அதே பக்க வெளிச்சத்தில் ஜன்னலோரம் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்து வரையுங்கள்.

பழைய பாஸ்போர்ட் போட்டோ ஒன்றுதான் இருக்கிறது. என்ன செய்வது?

பிளாஷ் வெளிச்சத்தில் எடுத்ததென்றால் முகத்தில் நிழலே இருக்காது. அதற்கு ஏற்றபடி பின்னணியையும் தட்டையாக, நிழலற்ற மூட்டமாக வையுங்கள். குறியீட்டில் மட்டும் அழகான மாலை வெயில் விழுந்தால் முகம் கட்டிங் ஒட்டியதாகிவிடும். போட்டோ மங்கலாக இருக்கும்போது இல்லாத விவரத்தை முகத்தில் கற்பனை செய்யாதீர்கள். அந்த உழைப்பை அவர் பிடித்த கலப்பையிலோ உட்கார்ந்த திண்ணையிலோ போடலாம், வீட்டார் அடையாளம் காண்பது பாதி அதில்தான். ஆனால் டோன் இடைவெளியை அப்போதும் மீற வேண்டாம்.

படம் முடிந்த பிறகு "இதையும் சேர்த்துவிடுங்கள்" என்கிறார்கள்.

எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்திருந்தால் சேர்க்கலாம். லின்சீட் ஆயிலும் டர்பன்டைனும் சம அளவு கலந்து அந்த இடத்தில் மட்டும் துளி தடவி, உடனே துடைத்துவிட்டு அதன் மேல் வரையுங்கள். அடியில் தடித்த தூரிகைத் தடம் இருந்தால் முதலில் மெல்லிய உப்புத்தாளால் தட்டையாக்குங்கள், முகக்கவசம் கட்டிக்கொண்டு. வெளிர் நிறத்தால் இருட்டை மூடுவதாக இருந்தால் இரண்டு பூச்சு தேவைப்படும். எண்ணெய் வண்ணம் வருடங்கள் போகப்போகக் கண்ணாடித்தன்மை பெறும், அடியில் இருப்பது மெல்ல மேலே தெரியும். கூடுதல் குறியீட்டுக்குக் கூடுதல் கூலி என்பதை முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். ஸ்கெட்சில் வீட்டாரிடம் கையெழுத்து வாங்கிவிட்டால் இந்தக் கேள்வியே வராது.

வார்னிஷ் எப்போது?

எண்ணெய்ப் படத்துக்கு ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் கழித்து. அம்பர் அதிகமுள்ள பின்னணி அதற்குள் திட்டுத்திட்டாக மங்கும், பயப்பட வேண்டாம். முந்தைய கேள்வியில் சொன்ன எண்ணெய்த் தடவலே அதற்கும் போதும். படத்தைக் கொடுக்கும்போதே வார்னிஷுக்குத் திரும்ப எடுத்துவர வேண்டிய மாதத்தைச் சட்டத்தின் பின்பக்கம் எழுதிக் கொடுங்கள்.